நாற்பது பக்க நோட்டு

மிலிட்டரிக்காரர் பெண்டாட்டி என்று சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் என்ன கேட்பார்? "ஆஹா, தேசத்துக்காக எவ்வளவு பெரிய தியாகம்!" என்று கை கூப்புவார் என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் ரொம்ப நல்லவர். கேள்வி இதுதான்: "ஸாருக்கு மாசம் எத்தனை பாட்டில்?"

எங்கள் வேலூர்ப் பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சியிலிருந்து, தாலுகா ஆபீஸ் கிளார்க், பெண்ணுக்கு ஜாதகம் பார்த்த ஜோசியர் வரைக்கும் எல்லோரும் கேட்டாயிற்று. 2024-ல் 'அமரன்' படம் வந்த பிறகு கொஞ்சம் முன்னேற்றம். இப்போதெல்லாம் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள்லாம் எப்படிக்கா தாங்கறீங்க?" என்று கேட்கிறார்கள். பாட்டில் விஷயத்துக்கு அப்புறம்தான் வருகிறார்கள்.

பாட்டில் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தாங்குகிற கேள்விக்கு இருக்கிறது. சுருக்கமான பதில்: தனியாகத் தாங்கவில்லை. நீளமான பதில் கீழே.

எனக்குக் கல்யாணம் ஆனது 1992-ல். அவர் ராணுவத்தில் வண்டி மெக்கானிக். துப்பாக்கியைவிட ஸ்பானர்தான் அவர் கையில் அழகாக இருக்கும். ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் லீவு, அது போக 30 நாள் கேஷுவல் லீவு. அதில் ரயிலில் போகிறது கொஞ்சம், அவருடைய அக்கா தங்கைகள் வீட்டு விசேஷத்தில் போகிறது கொஞ்சம். மிச்சம் இருப்பதுதான் குடும்ப வாழ்க்கை. க்வார்ட்டர்ஸுக்கு வெயிட்டிங் லிஸ்ட். ரேஷன் கடை க்யூவாவது நகரும். இது நகரவே நகராது. முதல் நாலு வருஷம் இன்லண்ட் லெட்டரிலேயே குடித்தனம் நடத்தினோம்.

லெட்டரில் ஊர்ப் பெயர் எழுதக் கூடாது. '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும்தான் இருக்கும். என் மாமியாருக்கு அது பெரிய குழப்பம். "அம்பத்தாறு ஏ.பி.ஓ.ன்னா எந்த ஜில்லாடி? அங்கே மழை உண்டா?" என்பார். அது ராணுவத் தபால் ஆபீஸ் நம்பர் என்று எத்தனை தடவை சொன்னாலும், "பையன் போன லீவுல கறுத்துப் போயிட்டான். அந்த ஊர்ல வெய்யில் ஜாஸ்திதான்" என்று முடித்துவிடுவார்.

1996-ல் ஒருவழியாக வீடு கிடைத்தது. பஞ்சாபில் ஒரு கண்டோன்மென்ட். பெயர், நம்பர், ரேங்க் எல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதின கறுப்பு ட்ரங்குப் பெட்டி இரண்டு, ஒரு ஸ்டவ், மாமியார் கட்டிக் கொடுத்த வடகம், வயிற்றில் முதல் குழந்தை. இதுதான் என் ராணுவப் பிரவேசம்.

ஹிந்தி? தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை பார்த்த மகாபாரதம்தான் என் மூலதனம். அதில் வருகிற ஹிந்தியை வைத்து ராஜ்யத்தைப் பிரிக்கலாம், சபதம் செய்யலாம். கத்திரிக்காய் வாங்க முடியாது. போன மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு சர்தார்ணியிடம் டம்ளரை நீட்டி, "பால்... பால்..." என்றேன். அந்த அம்மா என் தலையைப் பார்த்தாள், பின்னலைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஹிந்தியில் 'பால்' என்றால் முடியாம்!

நான் திருதிருவென்று விழிக்க, அவள் என் வயிற்றைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, சீப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்து, ஒரு பெரிய பித்தளை டம்ளரில் சூடாக டீயும் இரண்டு பராத்தாவும் வைத்தாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்டோன்மென்ட்டில் எனக்குக் கிடைத்த முதல் ட்ரெயினிங் அது.

எங்கள் வரிசையில் 36 வீடு. வொர்க்‌ஷாப் யூனிட் என்பதால் எல்லா மாநிலமும் கலந்துகட்டி இருக்கும். பீகார், கேரளா, மராட்டி, கடுவால், ஒரு தெலுங்குக் குடும்பம். கொடியில் காய்கிற துணியைப் பார்த்தே எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தால் மூக்கு இந்தியாவைச் சுற்றி வந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பாதிப் பேருக்கு மாற்றல் வரும். பெட்டி கட்டுவார்கள், அழுவார்கள், அடுத்த வாரம் அதே வீட்டில் வேறு ஒருத்தி வேறு ஒரு வாசனையோடு வந்து இறங்குவாள். ஆகவே சிநேகிதம் பிடிக்க ஆற அமர யோசிக்கிற வசதி எங்களுக்குக் கிடையாது. உங்களுக்கெல்லாம் பக்கத்து ஃப்ளாட்காரர் பெயர் தெரிய அஞ்சு வருஷம் ஆகிறது. எங்களுக்கு அஞ்சு நாள்.

கூட்டங்கள் உண்டு. ராணுவ மனைவியர் நலச் சங்கம் என்று ஒன்று. சுருக்கமாக 'ஆவா'. 1966-லிருந்து இருக்கிறது. ராணுவத் தளபதியின் மனைவிதான் தலைவி. ஊனமுற்ற குழந்தைகளுக்காக 'ஆஷா' என்று பள்ளிக்கூடங்கள் நடத்துகிறார்கள், தையல், கம்ப்யூட்டர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் மாசாந்திரக் கூட்டத்துக்குப் போகிற எங்களில் பல பேருக்கு முக்கிய அம்சம் தம்போலாவும் சமோசாவும்தான். தம்போலாவில் ஜெயித்த பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று இன்னும் என் வீட்டில் இருக்கிறது. புருஷனுக்கு மெடல் எப்படியோ, எனக்கு அந்த பக்கெட் அப்படி!

சிரித்தது போதும். டிசம்பர் 2001-க்கு வருகிறேன்.

டிசம்பர் 13-ம் தேதி பார்லிமென்ட் மீது தாக்குதல் நடந்தது. அடுத்த சில நாட்களில் 'ஆபரேஷன் பராக்ரம்'. ஏறத்தாழ ஐந்து லட்சம் வீரர்கள் பாகிஸ்தான் எல்லைக்கு நகர்ந்தார்கள். எங்கள் வரிசையில் ராத்திரி எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. சப்பாத்தி சுட்டோம், ஸ்வெட்டர் மடித்தோம். "எத்தனை நாள்?" என்று கேட்டேன். "சொல்லலையே" என்றார். "எந்த இடம்?" "சொல்லக் கூடாது." "சரி, சாப்பாடாவது கட்டட்டுமா?" "அதைச் சொல்லலாம். கட்டு."

விடிந்தபோது 36 வீட்டிலும் பெண்களும் குழந்தைகளும்தான். யூனிட்டைப் பார்த்துக்கொள்ள 'ரியர் பார்ட்டி' என்று ஏழெட்டுப் பேரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் வாரம் ஆளுக்கு ஒரு மூலையில் அழுதோம். இரண்டாவது வாரம் ஒரு குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தது. அந்தத் தாய் விடியும்வரை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். "ராத்திரி வேளையில் யாரை எழுப்பறதுன்னு தெரியலே" என்றாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வார்த்தை எங்களைத் தூங்க விடவில்லை.

வரிசைக் கடைசி வீட்டில் ஒரு சீனியர் சுபேதார் மனைவி இருந்தார். கடுவால்காரர். ஐந்தாம் கிளாஸ்தான் படித்தவர். என்னைக் கூப்பிட்டு, "நீ பத்தாவது பாஸ்தானே? ஒரு நோட்டு வாங்கு" என்றார். நாற்பது பக்க நோட்டு, இரண்டு ரூபாயோ மூன்று ரூபாயோ. மறுநாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். நான் கேள்வி கேட்பேன், எழுதுவேன். அவர் அந்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். புருஷனுடைய ஆர்மி நம்பர். யார் கர்ப்பம், எத்தனையாவது மாசம். ரத்த க்ரூப். குழந்தைக்கு என்ன வியாதி. சொந்த ஊரில் பி.பி. நம்பர். ராத்திரி ஒன்று என்றால் யார் கதவைத் தட்டுவது என்று வீட்டுக்கு இரண்டு பெயர்.

உட்கார்ந்து எழுதும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒன்பது பேருக்குப் புருஷனின் ஆர்மி நம்பர் தெரியாது. பதினோரு பேருக்குத் தங்கள் பெயரில் பாங்க் கணக்கு இல்லை. நிறைய வீட்டில் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு நாமினி யார் என்றே தெரியாது. எல்லாவற்றையும்விட மோசம், நாலு பேருடைய கல்யாணம் ராணுவ ரெகார்டிலேயே ஏறவில்லை!

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். ராணுவத்தில் 'பார்ட்-டூ ஆர்டர்' என்று ஒன்று உண்டு. ஒரு ஜவானுக்குக் கல்யாணம் ஆனாலும் சரி, குழந்தை பிறந்தாலும் சரி, பேப்பர் கொடுத்து அதில் வெளியாக வேண்டும். அப்போதுதான் ரெகார்டில் ஏறும். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, நாதஸ்வரம் வைத்து, அக்கினி சாட்சியாகத் தாலி கட்டியிருக்கலாம். பார்ட்-டூ ஆர்டர் இல்லை என்றால் ராணுவத்தைப் பொறுத்தவரை மாப்பிள்ளை பிரம்மச்சாரி. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், "நான்தான் மனைவி" என்று அவள் முதலிலிருந்து நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அழுதுகொண்டே அலைய வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கதையும் அப்படித்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேரும்போது பையன் நாமினி கட்டத்தில் அம்மா பெயரை எழுதுவான். நியாயம்தான், அப்போது அவனுக்கு வேறு யார்? கல்யாணத்துக்கு அப்புறம் அதை மாற்ற நினைக்கவே மாட்டான். நினைத்தாலும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போடுவான்.

நாங்கள் நாலு வீட்டு வேலையையும் கையில் எடுத்துக்கொண்டோம். ரியர் பார்ட்டியில் இருந்த கிளார்க்கைப் பிடித்து என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டோம். பாவம், அந்த மனுஷன் எங்களைப் பார்த்தாலே டீ குடிக்கப் போய்விடுவார். நாங்கள் டீக்கடைக்கே போனோம்.

அந்த நாலு பேரில் ஒருத்திக்கு இருபத்தோரு வயது. பீகாரி. கையில் பத்து மாசப் பெண் குழந்தை. எல்லாப் பேப்பரும் சேர்ந்துவிட்டது. தம்பதியாக எடுத்த போட்டோ ஒன்று வேண்டும். "கல்யாண போட்டோ இருக்கு தீதி!" என்று சந்தோஷமாக எடுத்து வந்தாள். பார்த்தால், அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தலையிலிருந்து பூச்சரம் சரம்சரமாகத் தொங்குகிறது. மூக்கு நுனிகூடத் தெரியவில்லை. மணப்பெண்ணோ முக்காட்டுக்குள். உள்ளே யார் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்!

எல்லைக்குச் சொல்லி அனுப்பினோம். மார்ச் மாசம் உதிரி பாகம் எடுக்க வந்த லாரியில் அந்தப் பையனையும் அனுப்பினார்கள். ஒரு நாள்தான் டயம். சுபேதார் மனைவி தன் பச்சைப் பட்டுப் புடவையைக் கொடுத்தார். கேரளத்துக்காரி தலை வாரிவிட்டாள். பஜார் ஸ்டூடியோவில் இரண்டு பேரையும் உட்காரவைத்து போட்டோ எடுத்தோம். "கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர். பையன் அட்டென்ஷனில் உட்கார்ந்திருந்தான். அவள்தான் சிரித்தாள். பேப்பர் போயிற்று. ஏப்ரல் கடைசியில் கல்யாணமும் குழந்தை பிறந்ததும் ஆர்டரில் வந்துவிட்டன.

அந்த வருஷம் யுத்தம் நடக்கவில்லை. பேப்பரில் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் யுத்தமே நடக்காமல் கண்ணிவெடியிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான ஜவான்கள் இறந்து போனார்கள். இது நிறைய பேருக்குத் தெரியாது.

ஜூன் மாசம். மத்தியானம் மூன்று மணி. எங்கள் வரிசைக்குள் ஒரு ஜீப் நுழைந்தது. அந்த நேரத்தில் ஜீப் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். முப்பத்தாறு வீட்டிலும் திரைச்சீலை அசைந்தது. என் வாசலைத் தாண்டிப் போயிற்று. சர்தார்ணி வாசலைத் தாண்டிப் போயிற்று. தாண்டிப் போகும்போது ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதைப் பற்றி நாங்கள் யாரும் யாரிடமும் இதுவரை பேசினதில்லை. ஜீப் நின்ற வாசலைப் பார்த்ததும் எல்லோரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினோம்.

இருபத்தோரு வயதுக்காரி வீடு. ராத்திரி விளக்கு இல்லாமல் போன லாரி கவிழ்ந்துவிட்டது.

அந்த நாளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நோட்டில் அவள் பக்கத்தைத் திறந்தோம். ஊர் பி.பி. நம்பர் இருந்தது. ஒரு வீட்டில் குழந்தைக்குப் பால், ஒரு வீட்டில் அவளுக்குத் துணை, ஒரு வீட்டில் பேப்பர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். ஊர்வரை அவளோடு போக ஒருத்தி வேண்டும் என்றபோது சர்தார்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நிமிஷத்தில் பையோடு வந்து நின்றாள். அவளுடைய மூன்று குழந்தைகளும் என் வீட்டில் பதினொரு நாள். மூன்றாம் நாள் மூத்தவன் கேட்டான்: "ஆன்ட்டி, உங்க வீட்ல எல்லா நாளும் சாம்பார்தானா?" ஆமாம்டா ராஜா, வேறு எது செய்யவும் எனக்கு அந்த வாரம் தெம்பு இல்லை.

அவளுக்குப் பென்ஷன் ஆர்டர் தாமதம் இல்லாமல் வந்தது. அவள் பெயரில் பாங்க் கணக்கு இருந்ததால் பணம் அவள் கைக்கே போனது. ஊரில் பெரியவர்கள், சின்னவர்கள் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்களாம். "பாஸ்புக் என்கிட்டேதான் இருக்கு தீதி" என்று எழுதியிருந்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் அது அவள் எனக்குப் போட்ட முதல் லெட்டர். பிற்பாடு படித்து, அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஸ்டூடியோ போட்டோ அவள் வீட்டுச் சுவரில் இருக்கிறதாம். அவனுடைய முகம் தெரிகிற ஒரே போட்டோ அதுதான், யூனிஃபார்ம் போட்டோவைத் தவிர.

2002 அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைப்பதாக அறிவிப்பு வந்தது. இவர் பத்து கிலோ இளைத்து வந்து சேர்ந்தார். பிறகு மாற்றல், இன்னொரு ஊர், இன்னொரு வரிசை. போன இடமெல்லாம் முதல் வாரம் ஒரு நோட்டு வாங்கிவிடுவேன். 2012-ல் அவர் ரிடையர் ஆனார்.

இங்கே வேலூர்ப் பக்கம் வந்தால் நோட்டுக்கு வேலை இன்னும் ஜாஸ்தி. கிராமத்துக்குக் கிராமம் பட்டாளத்துக் குடும்பம் இருக்கிற ஜில்லா இது. ரெக்ஸின் பையில் பழைய பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வயதான அம்மாக்கள் வருவார்கள். புருஷன் சர்வீஸில் சேர்ந்தபோது எவனோ எழுதின ஸ்பெல்லிங் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாங்கில் ஒன்று. போதாக்குறைக்கு நம் தமிழ்நாட்டு இனிஷியல்! ஃபாரத்தில் குடும்பப் பெயர் கேட்டால் நாம் அப்பா பெயரை எழுதுவோம், ஊர்ப் பெயரை எழுதுவோம். ஒரே பெண்மணி மூன்று பேப்பரில் மூன்று பேர். இப்போது பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்று கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டருக்கு எழுத்து ஒன்று மாறினாலும் ஆள் வேறு. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் எந்த மேஜையில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் ஆறு பேர் முறை போட்டுக்கொண்டு போகிறோம். ஆறில் இரண்டு பேர் புருஷனை இழந்தவர்கள். வேலையில் எங்களைவிட அவர்கள்தான் கெட்டி.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், தம்பிகளே, ஆபீஸில் வருஷா வருஷம் டிசம்பர் 7-ம் தேதி கொடி நாளுக்குக் காசு போடுகிறீர்கள். 1949-லிருந்து நடக்கிற வழக்கம். அந்தக் காசு விதவைகளுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் போகிறது. சந்தோஷம், நன்றாகப் போடுங்கள். ஆனால் எங்கள் வரிசையில் அந்தக் குழந்தைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வேண்டியிருந்தது காசு அல்ல. தட்டுவதற்கு ஒரு கதவு. உங்கள் லாட்ஜ் மாடியிலோ, ஃப்ளாட் மூன்றாவது மாடியிலோ, புருஷன் துபாயில் இருக்கிற ஒரு பெண் இருப்பாள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற ஒரு கிழவர் இருப்பார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று படியில் சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். போன் நம்பரை எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் பி.எஃப்., ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இரண்டிலும் நாமினி கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது? சட்டென்று சொல்ல முடியவில்லை, இல்லையா? நாளைக்கே போய்ப் பாருங்கள். அம்மாவுக்கு ஒரு பங்கு, மனைவிக்கு ஒரு பங்கு என்றுகூடப் பிரித்து எழுதலாம். வீட்டில் சண்டை வராது. வந்தாலும் நீங்கள் இருந்து தீர்த்து வைக்கலாம்.

எழுதி முடித்ததை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இருபத்தாறு வருஷம் சர்வீஸ் பண்ணியிருக்கேன். என் பேர் ஒரு இடத்திலகூட வரலையே?" என்றார்.

"உங்க நாமினி கட்டத்துல என் பேர் வந்தாச்சு. அது போதும்" என்றேன்.